உறவு முறை என்ற இடத்தில் என்ன எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பாலீர்ப்பு உடையவர்களுக்குக் குடும்ப உரிமை தேவையா என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு இவர்களுக்கு இன்னும் என்ன குறை? நான்கு சுவருக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், யார் கேட்கப் போகிறார்கள்?” என்பது அந்த வாசகரின் கேள்வி. கேலியோ வசையோ இல்லாமல், உண்மையாகவே விளங்காமல் கேட்கப்பட்ட கேள்வி என்றே எனக்குப் பட்டது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து நாற்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். அந்த நான்கு சுவர் யார் பெயரில் இருக்கிறது, இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் அதற்குள் தொடர்ந்து இருக்க முடியுமா என்பதெல்லாம் என் தொழிலோடு சேர்ந்த கேள்விகள். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

2022-இல் ஒரு நாள் காலை இரண்டு பெண்கள் என் மேசைக்கு வந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயது கடந்திருக்கும். மூத்தவர் பள்ளி ஆசிரியை, மற்றவர் தையல் கடை வைத்திருப்பவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வீட்டில் இருப்பவர்கள். ஆசிரியையின் பெயரில் இருக்கும் அந்த வீட்டில் சரிபாதியை மற்றவர் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இப்படிப்பட்ட பத்திரங்களை ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். வாசகம் மனப்பாடம். “தாங்கள் எனக்கு இன்ன முறை ஆவதாலும், தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும்” என்று தொடங்கி, சொத்து விவரத்துக்குப் போய்விடுவோம். எல்லோரிடமும் கேட்பது போலவே அவர்களிடமும், “என்ன முறைம்மா வேணும் இவங்க உங்களுக்கு?” என்று கேட்டேன். எழுதத் தயாராகப் பேனா கையில் இருந்தது.

பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தையற்காரப் பெண்தான் முதலில் பேசினார். “சிநேகிதின்னு போட்டுக்குங்க ஐயா” என்றார். உடனே ஆசிரியை, “அப்படிப் போட வேண்டாம்” என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்தில் பிழை திருத்துகிறவர்களுக்கே உரிய உறுதி அதில் இருந்தது. அடுத்த மேசையில் இருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு திரும்பியதும் இருவரும் அமைதியாகிவிட்டார்கள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. விளங்கிய பிறகு, அந்த இடத்தில் எழுதுவதற்கு என்னிடம் சொல் இல்லை.

சொல் மட்டும்தான் பிரச்சினை என்றால்கூட ஏதாவது எழுதிச் சமாளித்திருக்கலாம். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை சொத்தின் சந்தை மதிப்பில் 1 சதவீதம். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. குடும்பத்துக்கு வெளியே உள்ளவருக்கு எழுதினால் 7 சதவீதம். வரம்பு ஏதும் கிடையாது. தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று குடும்பம் யார் யார் என்பதைச் சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது. அவர்கள் எழுத விரும்பிய பாதி வீட்டின் மதிப்பை 20 லட்சம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பேசிப் பதினைந்து ஆண்டுகள் ஆன, பக்கத்து ஊரில் இருக்கும் தன் தம்பிக்கு ஆசிரியை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் தீர்வை 20 ஆயிரம் ரூபாய். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கும், வீட்டுக் கடன் தவணையில் பாதியை மாதம் தவறாமல் கட்டிய அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். பதிவுக் கட்டணம் தனி. கணக்கைச் சொன்னதும் இருவரும் எழுந்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து, ஒருவருக்கு மற்றவர் என்று இரண்டு உயில் எழுதிப் பதிந்துகொண்டார்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும்கூடக் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும் என்று எடுத்துச் சொன்னவனே நான்தான். ஆனால் உயில் என்பது எழுதியவர் கண் மூடிய பிறகுதான் வாய் திறக்கும். அப்படித் திறக்கும்போது எதிரில் இரத்த சொந்தம் வக்கீலோடு நிற்கும். உயில் இல்லாவிட்டாலோ, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மணமாகாத ஒரு பெண்ணின் சொத்து அவருடைய தாய் தந்தைக்கும், அவர்கள் இல்லாதபோது தந்தையின் வாரிசுகளுக்கும் போய்ச் சேரும். கூட வாழ்ந்தவர் அந்த வரிசையில் எங்கேயும் இல்லை. வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் போட்டிருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருக்கத்தான் முடியும், அது வாரிசுகளுக்கு உரியது என்பதை எத்தனையோ விதவைகளுக்கே நான் விளக்க வேண்டி வந்திருக்கிறது.

மறு ஆண்டு ஆசிரியைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட நெருங்கிய உறவினர்தான் வர வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். காலையில் வெறும் வயிற்றோடு படுக்க வைக்கப்பட்டவர், அந்தத் தம்பி பேருந்து பிடித்து வந்து சேரும் வரை, பிற்பகல் இரண்டு மணி வரை காத்துக் கிடந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டார். பத்து நாள் இரவு கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவர் மற்றவர்தான். குற்றமில்லை என்று சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்ட வாசகருக்கு என் முதல் பதில் இதுதான்.

குற்றமில்லை என்று சொல்ல வைப்பதற்கே எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377-ஆம் பிரிவை எழுதி வைத்தது வெள்ளைக்காரன் அரசு. அதே 377 என்ற எண்ணோ, அதை ஒத்த பிரிவோ சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று அவர்கள் ஆண்ட நாடெங்கும் போனது. 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் இசைவோடு வாழும் வயது வந்தவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் திருத்திக்கொண்டது. இவர்களிடமும் இவர்களுடைய குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று அன்றைய அமர்வில் இருந்த நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். ஆகவே, தன்பாலீர்ப்பு மேல்நாட்டு இறக்குமதி என்று சொல்பவர்கள், உண்மையில் கப்பலில் வந்து இறங்கியது அதைத் தண்டித்த சட்டம்தான் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பெற்றோர் 1956-இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஐயர் இல்லை, ஓமம் இல்லை; ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைமையில் மாலை மாற்றிக்கொண்டதோடு சரி. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1953-இல், இத்தகைய திருமணம் சாத்திரப்படியும் வழக்கப்படியும் நடக்காததால் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அது தெரிந்தேதான் என் தந்தை அப்படி மணம் முடித்தார். நான் 1958-இல் பிறந்தேன். பங்காளிகளில் ஒருவர் சொத்துத் தகராறு வந்தபோதெல்லாம், “சட்டப்படி அவள் உன் பெண்டாட்டியே கிடையாது, இவன் உன் பிள்ளையும் கிடையாது” என்று வாசலில் நின்று கத்துவார். அந்த வார்த்தையின் பொருள் தெரியாத வயதிலும், அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வது எனக்குத் தெரியும்.

1967-இல் அண்ணா தலைமையிலான அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும் என்றது அந்தத் திருத்தம். இனி நடக்கப்போகும் திருமணங்களுக்கு மட்டும் என்று சொல்லாமல், அதற்கு முன் நடந்தவற்றையும் அது செல்லுபடியாக்கியது. 1968 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அன்று மாலை என் தந்தை செய்தித்தாளை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை மடித்து டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தார். மாலை மாற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி ஆனார்கள். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையில் அன்றைக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பங்காளி எங்கள் வாசலுக்கு வந்து கத்தவில்லை.

அந்தச் சட்டம் வந்தபோதும் பண்பாடு அழிந்துவிடும், குடும்பம் குலைந்துவிடும் என்றார்கள். இன்று தன்பாலீர்ப்பு உடையவர்களின் இணைவாழ்வைப் பற்றி அதே சொற்களை, எழுத்து மாறாமல் கேட்கும்போது எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. திருமணம் என்ற பெயர் இல்லாமலே இணையராகச் சட்டம் ஏற்கும் குடிமை இணைப்பு என்ற தகுதியாவது இவர்களுக்கு உண்டா என்ற கேள்வியில் நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். பெரும்பான்மை அதையும் ஏற்கவில்லை. மறு ஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின. அந்த வழக்கில் ஒன்றிய அரசு, இந்தக் கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை மட்டுமே என்று எழுத்துப்பூர்வமாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. என் மேசைக்கு வந்த தையற்காரப் பெண் எந்த மேட்டுக்குடி? 2021-இல் பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்து உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்கள் மதுரைக்காரர்கள். 2019-இல், திருநங்கையும் சட்டப்படி மணமகள்தான் என்ற தீர்ப்பை மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனிடம் பெற்ற தம்பதி தூத்துக்குடிக்காரர்கள். 2025 மே மாதம், அதே நீதிபதி சுவாமிநாதனும் நீதிபதி வி. லட்சுமிநாராயணனும் சேர்ந்து விடுவித்த இருபத்தைந்து வயதுப் பெண் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

அந்த வேலூர் வழக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தன் துணையோடு போக விரும்பிய அந்தப் பெண்ணை வீட்டார் அடைத்து வைத்து அடித்ததாகவும், “சரியாக்குவதற்கு” என்று சடங்குகள் செய்ததாகவும் நீதிமன்றத்தில் அவரே சொன்னார். காவல் துறையினர் அவரை மறுபடியும் பெற்றோரிடமே அனுப்பி வைத்திருந்தனர். இத்தனைக்கும், இவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2022-இலேயே காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் செய்துவிட்டது. விதி இருந்தது, அதைப் படித்தவர் நிலையத்தில் இல்லை. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதும் சட்டம் அறிந்த கருத்தே என்று அந்தத் தீர்ப்பு கூறியது. பத்திரம் எழுதுபவன் என்ற முறையில் அந்த வரியைப் படித்தபோது, ஆசிரியை ஏற்க மறுத்த அந்தச் சொல் இருந்த இடத்தில் எழுதத் தக்க ஏதோ ஒன்று முதல் முறையாகக் கண்ணில் பட்டது போலிருந்தது.

திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் அக்காள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. நல்ல வேலை, குடி கிடையாது, பெண்களைத் தலைநிமிர்ந்து பார்க்காத பையன் என்று நானே போய்ப் பாராட்டிப் பேசி முடித்தேன். அந்தப் பையனுக்குப் பெண்கள் மீது ஈர்ப்பு இல்லை என்பது அவன் வீட்டாருக்கு முன்பே தெரியும். அவனே தாயிடம் அழுது சொல்லியிருக்கிறான். கால்கட்டுப் போட்டால் மாறிவிடுவான் என்று மறைத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் அவள் தன்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ணி உள்ளுக்குள் உடைந்து போனாள். பிள்ளை இல்லையே என்று கேட்டவர்களுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அவன் அல்ல. பிரிவதென்று முடிவான நாளில் அந்தப் பையன் என் காலில் விழுந்து, “மாமா, நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்” என்றான். அவன் மீது கோபப்பட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. முன்பு சொன்ன மதுரைப் பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையமும் தொழில் ஒழுங்கீனம் என்று 2022-இல் அறிவித்தது. மருத்துவமனையில் செய்யக் கூடாத அந்தச் சிகிச்சையைத்தான் கல்யாண மண்டபத்தில் செய்கிறோம். அதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையை மருந்தாக அரைத்து ஊற்றுகிறோம்.

இங்கேதான், பெண்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணமும் தன்பாலீர்ப்பு உடையவர்களைப் பற்றிய எண்ணமும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெண் என்றால் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவள், ஆண் என்றால் குலம் தழைக்க வைக்க வேண்டியவன் என்ற வரையறைக்குள் அடங்காத யாரையும் நாம் குடும்பமாக எண்ணுவதில்லை. 1989-இல் தமிழ்நாடு அரசு பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. நாடு முழுமைக்கும் அந்தச் சட்டம் வர 2005 வரை ஆயிற்று. அந்தப் பெருமையில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் சட்டம் வந்த நாள் முதலாக என் மேசையில் அதிகமாக எழுதப்பட்டது என்ன தெரியுமா? சகோதரிகள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். “சீர் செய்திருக்கிறோம், நாளைக்குத் தாய்மாமன் முறைக்கும் நாங்கள்தான் வர வேண்டும்” என்று சொல்லிச் சொல்லியே அழைத்து வருவார்கள். பத்திரத்தில் “என் மனப்பூர்வமான சம்மதத்துடன்” என்று நான் எழுதுவேன். தலை குனிந்தபடி கைரேகை வைத்த பெண்களின் பெருவிரல் மையைத் துடைக்க என் மேசையில் எப்போதும் ஒரு துணி கிடக்கும். நாற்பது ஆண்டுகளில் ஒரே ஒரு பெண்தான், “சம்மதமில்லாமல் எப்படி ஐயா அந்த வரியில் கையெழுத்துப் போடுவது?” என்று கேட்டு எழுந்து போனார். அவரை இன்றும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

கணவன் இல்லாத ஒரு பெண் தன் வீடு யாருக்கு என்று தானே முடிவு செய்வதை இந்த மனநிலை தாங்காது. இரண்டு ஆண்கள் ஒரு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு முதுமை அடைவதையும் தாங்காது. நம் அரசியல் மேடைகளைப் பாருங்கள். எதிர்க்கட்சிக்காரரைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் வளையலும் புடவையும் அனுப்பும் போராட்டம். ஆண்மை இருந்தால் செய்து காட்டு என்ற அறைகூவல். திருநங்கையரைக் குறிக்கும் இழிசொற்களை வசையாக வீசுவது. பெண்ணாக இருப்பதே அவமானம் என்ற கருத்தை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, அதே மேடையில் மகளிர் நலத்திட்டங்களைப் பட்டியலிடுகிறார்கள். எந்தக் கட்சிக்கும் இதில் விலக்கு இருப்பதாக நான் காணவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தல் அறிக்கையில், கலந்தாலோசனைக்குப் பிறகு இவர்களின் குடிமை இணைப்பை ஏற்கும் சட்டம் கொண்டுவருவதாகக் காங்கிரஸ் சொன்னது. மார்க்சிஸ்ட் கட்சியும் இவர்களின் உரிமை பற்றிப் பேசியது. ஆனால் என் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வந்த ஒருவர்கூட, எந்தக் கட்சியானாலும், அதைப் பற்றி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அறிக்கையில் எழுதத் துணிந்ததைத் தெருமுனையில் பேசத் துணிவதில்லை.

தமிழ்நாடு எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2008-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது நம் மாநிலம். ஆண் உடல், பெண் உடல் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காமல் பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என்று 2019-இல் அரசாணை வெளியிட்டதும் நாம்தான். ஆனால் திருநர் நலனில் காட்டிய அக்கறை, தன்பாலீர்ப்பு உடையவர்கள் என்றதும் தயங்கி நின்றுவிடுகிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய இணையர் தங்கள் உறவைக் குடும்ப இணைப்புப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ள அரசு வழிசெய்யலாம் என்று யோசனை கூறினார். இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே 2021 தீர்ப்பை எழுதியவர் அவர். என் வயதுக்காரர்கள் “இனிமேல் போய் நாங்கள் எங்கே மாறுவது” என்று சொல்லும்போதெல்லாம் அவரைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

திருமணச் சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது என்று சொல்லிக் கையை விரிப்பவர்களுக்கு, என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த ஒரு செய்தி உண்டு. முத்திரைத் தீர்வை விகிதத்தை முடிவு செய்வது மாநில அரசு. பத்திரப் பதிவு பொதுப் பட்டியலில் இருக்கிறது. திருமணமும் வாரிசுரிமையும்கூட அதே பட்டியலில்தான். அதனால்தான் 1967-இலும் 1989-இலும் நம் சட்டமன்றம் தில்லிக்கு முன்பாகவே எழுந்து நிற்க முடிந்தது. செட்டில்மெண்ட் தீர்வைக்கான குடும்பம் என்ற சொல்லின் விளக்கத்தில், பதிவு செய்துகொண்ட இணையரையும் சேர்க்க வேண்டும். அந்தப் பதிவுக்கு வழி செய்யும் குடும்ப இணைப்புப் பத்திரத்துக்கு விதிகளை வகுக்க வேண்டும். அரசு மருத்துவமனைப் படிவங்களில் நெருங்கிய உறவினர் என்று இருக்கும் இடத்தில், நோயாளி குறிப்பிடும் நபர் என்றும் சேர்க்க வேண்டும். ஒன்றிய அரசே 2024 ஆகஸ்டில், இத்தகைய இணையரை ஒரே குடும்ப அட்டையில் சேர்க்கலாம் என்றும், கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்றும் சொல்லிவிட்டது. அரிசி வாங்க ஒரே குடும்பம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, வீடு எழுதிக் கொடுக்கும்போது அந்நியர் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

தன்பாலினத் திருமணத்தை நெதர்லாந்து 2001-லும், தைவான் 2019-லும், தாய்லாந்து 2025 ஜனவரியிலும் ஏற்றுக்கொண்டன. நம் அண்டை நாடான நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. அங்கெல்லாம் ஆணும் பெண்ணும் மணம் முடிப்பது நின்று போய்விடவில்லை. நான் கேட்பது அதைவிடச் சிறியது என்று சிலர் குறைப்படலாம். திருமண உரிமை வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் கிடையாது. அது வரும் வரை இவர்கள் மூப்படையாமலும் நோயுறாமலும் காத்திருக்க முடியாது என்பதால்தான் உடனே செய்யக்கூடியதைக் கேட்கிறேன்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே வெளியிட்டிருக்கிறது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர், திருநர், ஊடுபால் என்று நல்ல தமிழில் சொற்கள் இருக்கும்போது, இன்னும் பல இதழ்கள் ஒருவருடைய முழு வாழ்க்கையையும் படுக்கையறைச் செயல் ஒன்றாகச் சுருக்கும் பழைய சொல்லையே தலைப்பில் போடுகின்றன. கணவன் மனைவியைப் பற்றி எழுதும்போது நாம் அப்படி எழுதுவதில்லை. தங்கள் நாளிதழாவது அதைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆசிரியை உடல் தேறிவிட்டார். போன மாதம் இருவரும் வில்லங்கச் சான்று வாங்க வந்தபோது, தீர்வை விதியில் ஏதாவது மாற்றம் வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றேன். அரசாணை வருகிற அன்றே சொல்லி அனுப்புகிறேன், பத்திரத்தை நானே எழுதித் தருகிறேன், எழுத்துக்கூலி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். “முறை என்னன்னு போடுவீங்க?” என்று தையற்காரப் பெண் கேட்டார். “நீங்கள் இரண்டு பேரும் சொல்வதைத்தான் போடுவேன்” என்றேன். ஆசிரியை என்னிடமிருந்து ஒரு தாளை வாங்கி, ஒரு சொல்லை எழுதி, மடித்து என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்